எந்த வழி?

எங்கள் குடும்பத்தில் இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்றைப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லலாம். “நமக்கு சுகரு, பாயசம் வேண்டாம்” என்று பெரிய மாமா இலைக்குக் குறுக்கே கையை வைக்கும்போது அதில் ஒரு மிடுக்குகூட இருக்கும். மற்றொன்றுக்குப் பெயர் கிடையாது. சித்தியைப் பற்றிப் பேச வந்தால் குரல் இறங்கும். “அவளுக்கு அது” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அந்த ‘அது’ மனச்சிதைவு என்பதை, முனைவர் பட்டமெல்லாம் வாங்கிய பிறகு, ஒரு பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சித்திக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், அவளைக் கொண்டுவந்து தாத்தா வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு அவள் மாமனார் சொன்னதை அம்மா இன்றும் அப்படியே சொல்வாள்: “எங்க வழியில இப்படி யாரும் கிடையாது.” தாத்தா பதில் பேசவில்லை. அவர்கள் போன பிறகு ஆச்சியைத் திரும்பிப் பார்த்து, “எங்க வழியிலயுந்தான் கிடையாது” என்றாராம். இரண்டு ஆண்கள் கைமாற்றிவிட்ட நோய், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்மேல் போய் விழுந்தது.

ஆச்சிக்குச் சர்க்கரையும் இருந்தது. அது யார் வழி என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு நோய்களுக்கும் நடுவில் ஏதோ உறவு இருக்கிறது என்று மருத்துவம் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவம் படித்தவளில்லை, தமிழ் படித்தவள். தமிழிலேயே பித்தம் வயிற்றில் இருக்கிறது, பித்து தலைக்கு ஏறுகிறது. ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள். ஆகவே உடலும் சித்தமும் ஒன்றுக்கொன்று உறவு என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த உறவைத் தேடிப்போனவர்கள் ஒவ்வொரு முறையும் யாருடைய உடலில் போய்த் தேடினார்கள், யாரைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

1879இல் இங்கிலாந்தின் மனநோய் மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி, மனத்தின் நோயியல் குறித்த தன் நூலில், பைத்தியம் நிலவும் குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதினார். இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டுத்தான் தொடங்குகின்றன. மாட்ஸ்லிக்கு மரபணு தெரியாது, இன்சுலின் தெரியாது. குடும்பங்களைப் பார்த்துச் சொன்னார். கூர்மையான கண்தான், மறுக்கவில்லை.

ஆனால் இதே மாட்ஸ்லி அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1874இல், பெண்கள் உயர்கல்வி கற்பதை எதிர்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். உடலிலுள்ள ஆற்றலுக்கு ஓர் அளவு உண்டு; மாதவிலக்குக்கும் மகப்பேற்றுக்கும் செலவாக வேண்டியதை மூளைக்குச் செலவழித்தால் பெண் நோயாளியாவாள், அவள் பெறும் பிள்ளைகளும் நலிந்துபோகும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே அதே இதழில் மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பதில் எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாதத்தின் எல்லா நாட்களிலும் ஒரே மாதிரிதான் உழைக்கிறார்கள், அவர்களுடைய ஆற்றலைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லையே என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ஆற்றல், செலவு, பரம்பரை ஆகிய மூன்று சொற்களையும் வைத்துத்தான் மாட்ஸ்லி பெண்களுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தப் பார்த்தார். அதே மூன்று சொற்களால்தான் சர்க்கரையையும் சித்தத்தையும் முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக இருக்கலாம். கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்சுலின் வந்தது 1922 ஜனவரியில். டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. நாம் உண்பது குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அதை உயிரணுக்களுக்குள் நுழையவைக்கும் திறவுகோல் இன்சுலின். மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. இன்சுலினை அளவுக்கு மீறிச் செலுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை வீழும், மூளை பட்டினி கிடக்கும், நினைவு தப்பும்.

இந்த ஆபத்தையே மருந்தாக்கினார் மான்ஃபிரட் சாகெல். பெர்லினில் மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தபோது, தவறிப்போய் நினைவிழந்து மீண்ட சிலர் சாந்தமாகியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், யூதரான சாகெல் வியன்னாவுக்குப் போய் அதே முறையை மனச்சிதைவு நோயாளிகளிடம் கையாளத் தொடங்கினார். விடியற்காலை, வெறும் வயிற்றில் ஊசி. உடல் வியர்வையில் நனையும், பிறகு உதறும், பிறகு ஆழ்ந்த மயக்கம். ஓரிரண்டு மணி நேரம் கழித்து மூக்குவழிக் குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி எழுப்புவார்கள். வாரத்தில் ஆறு நாள், ஐம்பது அறுபது மயக்கங்கள்வரை. எழும்பாமலே போனவர்களும் உண்டு. இன்சுலின் மயக்கச் சிகிச்சை என்ற பெயரில் இது உலகத்து மனநோய் மருத்துவமனைகளிலெல்லாம் பரவியது.

அதே 1933 ஜூலையில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோயுள்ளவர்களுக்குப் பிள்ளை பிறக்காதபடி கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம். பட்டியலில் மனச்சிதைவு இருந்தது. அந்தச் சட்டத்துக்கு உரை எழுதியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின், மனச்சிதைவு குடும்பங்களில் எப்படி இறங்குகிறது என்பதை 1916லேயே புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்தவர். ஏறக்குறைய நான்கு லட்சம் பேருக்கு அறுவை செய்யப்பட்டது. ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்டச் சம அளவு. ஆனால் அறுவையால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் அல்லவா.

நீரிழிவும் குடும்பங்களில் இறங்குகிறது என்று அப்போதே தெரியும். அது பட்டியலில் இல்லை. சர்க்கரைக்கு ஊசி, சித்தத்துக்குக் கத்தி. எங்கள் வீட்டுப் பந்திக்கும் திண்ணைக்கும் இருந்த வேறுபாடு அங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் சில்வியா பிளாத்தை நினைக்காமல் என்னால் நகர முடியவில்லை. வகுப்பில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவிகள் கணவரைப் பற்றியே கேட்பார்கள். நான் தந்தையிலிருந்து தொடங்குவேன். ஓட்டோ பிளாத் உயிரியல் பேராசிரியர். உடல் நலிந்துகொண்டே போனபோது தனக்குப் புற்றுநோய் என்று தானே முடிவுகட்டி மருத்துவரிடம் போக மறுத்தார். 1940இல் கால் விரலில் பட்ட காயம் அழுகியபோதுதான் அது முற்றிப்போன நீரிழிவு என்று தெரிந்தது. காலை வெட்டினார்கள். அந்த நவம்பரில் இறந்தார். இன்சுலின் கண்டுபிடித்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளுக்கு எட்டு வயது.

அந்த மகள் 1953இல் தற்கொலைக்கு முயன்று மீட்கப்பட்டு, மக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு இன்சுலின் போட்டார்கள். சர்க்கரைக்காக அல்ல, மனத்துக்காக. அப்பாவுக்குக் கிடைக்காத ஊசி மகளுக்குக் கிடைத்தது, அவளுக்குத் தேவையில்லாதபோது. பிளாத்துக்கு இருந்தது மனச்சிதைவு அல்ல, கடும் மனச்சோர்வு. அந்தக் கால மருத்துவமனைகள் இன்சுலினை அப்படிப் பல நோய்களுக்கும் அள்ளி வீசின. 1963இல் வந்த அவருடைய நாவலின் நாயகி ஊசிகளால் உடல் பெருத்துக்கொண்டே போகிறாள். விமர்சகர்கள் அதிகம் கவனிக்காத பகுதி அது. சித்தியைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரிப் படுகின்றன.

செல்டா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 1930இல் மனச்சிதைவு என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை உருவாக்கிய யூஜின் ப்ளாய்லரையே அழைத்துவந்து கேட்டுத்தான் சொன்னார்கள். நாவல் எழுதியவர், ஓவியர், நடனம் பயின்றவர். எழுத்தாளர் ஒருவரின் மனைவியாகவே உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது. 1948 மார்ச் 10 இரவு, வட கரோலைனாவின் ஹைலண்ட் மருத்துவமனையில் தீப்பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இன்சுலின் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தீயில் இறந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள்.

பிறகு, 1953இல் ஹரால்ட் போர்ன் என்ற இளம் மருத்துவர் லான்செட் இதழில், இன்சுலின் மயக்கம் ஒரு கட்டுக்கதை என்று எழுதினார். மூத்தவர்கள் கோபப்பட்டார்கள். 1957இல் அதே இதழில் வந்த சோதனை, இன்சுலினால் மயங்கியவர்களுக்கும் சாதாரண மயக்க மருந்தால் மயங்கியவர்களுக்கும் பலனில் வேறுபாடில்லை என்று காட்டியது. நோயாளிகள் தேறியதாகத் தோன்றியதற்கு, பக்கத்திலேயே இருந்து துடைத்து, எழுப்பி, ஊட்டிய செவிலியர்களின் கவனிப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கவனிப்புக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

உடலில் தேடியது போதுமென்று மருத்துவம் இப்போது தாயிடம் வந்தது. 1948இல், ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று பொருள்படும் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார். நோயாளிகளிடம் மிகுந்த பரிவு காட்டிய பெண் அவர். மயக்கமும் மின்னதிர்ச்சியும் வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள் என்றவர். அவர் கையிலிருந்தே அந்தச் சொல் நழுவியது, கால் நூற்றாண்டுக் காலம் தாய்மார்களைத் துரத்தியது. குளிர்ந்த தாய், அடக்கியாளும் தாய், அதிகமாக அன்பு செலுத்திய தாய் என்று எப்படி இருந்தாலும் தப்பு அவளுடையதே. பரம்பரை என்ற பழைய குற்றச்சாட்டை விலக்கிய இடத்தில் வளர்ப்பு என்ற புதியதை வைத்தார்கள். கூண்டில் நின்றவள் மாறவில்லை.

இரண்டு குற்றச்சாட்டுகளும் சந்தித்த ஓர் இடமுண்டு. 1930இல் அமெரிக்காவில் ஒரே கருவிலிருந்து நான்கு சகோதரிகள் பிறந்தார்கள். ஊரே கொண்டாடியது. சிறுமிகளாக மேடையேறிப் பாடினார்கள், ஆடினார்கள். 24 வயதுக்குள் நால்வருக்கும் மனச்சிதைவு கண்டது. 1955இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் அவர்களைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆராய்ந்தது. 1963இல் டேவிட் ரோசந்தால் தொகுத்த பெரிய நூல் வந்தது. அதில் அவர்களுக்கு வைத்த புனைபெயர்கள் நோரா, ஐரிஸ், மைரா, ஹெஸ்டர். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள நான்கு முதலெழுத்துகள் அவை. குடும்பத்துக்கு வைத்த பெயரோ கொடிய பிறப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து எடுத்தது. உண்மைப் பெயர்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன, நான் எழுதப்போவதில்லை.

மரபணு ஆய்வாளர்களுக்கு அவர்கள் புதையல். நால்வருக்கும் ஒரே மரபணு, நால்வருக்கும் ஒரே நோய். ஆனால் அந்த நூலுக்குள்ளேயே வேறொன்றும் பதிவாகியிருக்கிறது. குடித்துவிட்டு வரும் தந்தை, மகள்களின் உடலைக் கண்காணித்தது, அத்துமீறியது. இரண்டு சிறுமிகள் தங்கள் உடலைத் தொட்டுக்கொண்டதற்காக அவர்களுடைய பிறப்புறுப்பில் மருத்துவர் கையால் அறுவை செய்வித்தது. இவ்வளவும் நடந்த வீட்டில் நோய் எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் முதலில் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

நால்வரும் ஒரே மாதிரி இருந்ததுமில்லை. மைரா திருமணம் செய்துகொண்டு, வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்தார். ஹெஸ்டர் மிக மோசமாக வாடினார். ஒரே மரபணு, நான்கு வாழ்க்கைகள். 1981இல், ஐம்பதைக் கடந்த வயதில், அந்தச் சகோதரிகள் அதே நிறுவனத்துக்குத் திரும்பிவந்தார்கள். இந்த முறை மூளையில் குளுக்கோஸ் எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதைப் படமாகக் காட்டும் புதிய கருவிக்குள் அவர்களைப் படுக்கவைத்தார்கள். கதிரியக்க அடையாளமிட்ட சர்க்கரையை ரத்தத்தில் செலுத்தி, மூளை அதை எங்கே எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கும் முறை. மனச்சிதைவு உள்ளவர்களின் மூளை முன்பகுதி சர்க்கரையைக் குறைவாகப் பயன்படுத்துகிறதா என்ற விவாதம் அப்போது சூடாக இருந்தது. மாட்ஸ்லியின் ஊகம் நூறு ஆண்டு கழித்து நான்கு பெண்களின் தலைக்குள் வண்ணப் படமாகத் தெரிந்தது. படத்தில் சர்க்கரை தெரியும், வீடு தெரியாது.

இனி மாத்திரைகளின் கதை. 1950களில் குளோர்புரோமசின் வந்த சில ஆண்டுகளிலேயே, அதை உண்டவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதை மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். பிறகு மறந்தார்கள், அல்லது மறக்க வசதியாக இருந்தது. 1990களில் புதிய தலைமுறை மருந்துகள் வந்தன. கை நடுக்கம் குறைந்தது, முகம் இறுகுவது குறைந்தது. எடையும் சர்க்கரையும் ஏறின. 1996இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஓலன்சபின் இதில் முன்வரிசை. 2002இல் ஜப்பான் எச்சரித்தது. 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் சர்க்கரை பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 2004இல் அங்குள்ள நீரிழிவு மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் கூடி ஒரு வழிமுறை வகுத்தார்கள்: மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள், 12 வாரம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பாருங்கள், பிறகு ஆண்டுக்கொரு முறை. 2009இல் ஓலன்சபினை விற்ற எலை லில்லி, அனுமதியில்லாத பயன்பாடுகளுக்கு அதைப் பரிந்துரைக்கச் செய்த வழக்கில் 141 கோடி டாலருக்கு மேல் கட்டி முடித்துக்கொண்டது.

சித்திக்குப் புதிய மாத்திரை எழுதப்பட்டது 2005இல். அதற்குள் வழிமுறை வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் அதுவரை 46 கிலோ. மூன்று வருடத்தில் 71. குரல்கள் அடங்கின என்று சித்தி சொன்னாள், ராத்திரி தூக்கம் வருது என்றாள். அந்த மாத்திரையை நான் திட்ட மாட்டேன். ஆனால் பசி வந்தது. அண்டாவுக்குள் கைவிட்டுச் சோறு எடுத்துத் தின்னும் பசி. “அவளுக்கென்ன, உக்காந்து திங்கா, படுத்துத் தூங்கா” என்றார்கள் வீட்டில். நானும் ஒரு தடவை அவள் தட்டைப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கிறேன். நாற்பது வயதுப் பெண்ணின் எடையை மருந்தின் விளைவாகப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் போன மருத்துவமனையிலும், அதன் பெயர் வேண்டாம், ஒரு தடவைகூட ரத்தத்தைச் சோதிக்கவில்லை. “குரல் கேக்குதா?” என்ற ஒரே கேள்வி. 2010இல் செருப்பு கடித்த புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை 380 என்று தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஏழு வருடம் கழித்து மாரடைப்பில் போனாள், 57 வயது. கடுமையான மனநோய்களோடு வாழ்பவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களைக் கொல்வது பெரும்பாலும் உடல் நோய்கள்.

மருந்துதான் எல்லாவற்றுக்கும் காரணமா? இங்கேதான் மரபணு திரும்பிவருகிறது. 2003இல் அயர்லாந்து ஆய்வாளர்கள், ஒரு மாத்திரைகூட உண்ணாத புதிய நோயாளிகளைச் சோதித்தார்கள். அவர்களில் 15 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தது; ஒப்பிட எடுத்துக்கொண்ட நலமானவர்களில் ஒருவருக்கும் இல்லை. 2004இல் எஃபாத் எமாமியான், மரியா கராயியோர்கு ஆகிய பெண்கள் இடம்பெற்ற அமெரிக்கக் குழு, ஏகேடி1 என்ற மரபணுவுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதற்கான சான்றுகளை வெளியிட்டது. இன்சுலின் உயிரணுவின் கதவைத் தட்டியதும் செய்தியை உள்ளே எடுத்துச்செல்லும் தூதர்களில் ஒன்று, அந்த மரபணு உருவாக்கும் புரதம். அதே தூதர் மூளையில் வேறு வேலைகளையும் பார்க்கிறது. 2011இல், நீரிழிவோடு மிக வலுவாகத் தொடர்புள்ளதென்று பெயரெடுத்த டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாற்றம் ஒன்று மனச்சிதைவிலும் தென்படுவதாக வட ஐரோப்பிய ஆய்வொன்று சொன்னது.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே பயமும் வந்தது. நிம்மதி, ஆச்சிக்காக. அவள் வளர்ப்பில் தவறில்லை. பயமும் ஆச்சிக்காகவே. சர்க்கரையும் அவள், சித்தமும் அவள் என்று இப்போது இரண்டையும் சேர்த்து அவள் மடியில் கட்டிவிடலாம் அல்லவா?

ஆனால் அறிவியல் அவ்வளவு வசதியாக யார் பக்கமும் பேசவில்லை. 2022இல் வெளிவந்த மிகப் பெரிய ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எல்லாரிடமும் சில இருக்கின்றன. தாய்வழி வந்தவையும் தந்தைவழி வந்தவையும் கலந்த குவியல் அது. திண்ணையில் நின்று எங்கள் வழியில் கிடையாது என்று சொல்லும் தகுதி எந்த வம்சத்துக்கும் இல்லை. முழுத் தொகுதியையும் வைத்துப் பார்த்தால் இரண்டு நோய்களுக்கும் நேரடியான பொதுமை சிறிதாகவே தெரிகிறது. மனச்சிதைவுக்கான மரபணுச் சாய்வு அதிகம் உள்ளவர்களுக்கு உடல் எடை சற்றுக் குறைவாக இருக்கும் போக்குகூடக் காணப்படுகிறது. சித்தியின் 46 கிலோவை நினைத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் இந்த விவாதத்தில் முக்கியமானது. 1984இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஆண்டுக்கணக்கில் நோய் இருந்தும் ஒருபோதும் மருந்து உண்ணாதவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தது. 2010இல் ஆர். பத்மாவதியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைப்படி, அவர்களிடம் உடற்பருமனும் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தக் கோளாறுகளின் கூட்டும் குறைவாகவே இருந்தன. அயர்லாந்தில் ஒரு மாதிரி, சென்னையில் வேறு மாதிரி. மரபணு ஒரு சாய்வைத் தரலாம். சாய்ந்த இடத்தில் எது வந்து விழுகிறது என்பதைச் சோறும் மாத்திரையும் வாழ்க்கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதே நிறுவனத்தின் ஆர். தாரா 2003இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, மனச்சிதைவு கண்டு கணவரைப் பிரிந்து வாழும் பெண்களைப் பற்றியது. அவர்கள் இரட்டைப் பாதிப்புக்கு ஆளானவர்களா என்று தலைப்பிலேயே கேட்கிறது. திண்ணையில் விடப்பட்டவள் சித்தி மட்டுமல்ல.

மரபணுவுக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இன்னொரு இடம் இருக்கிறது. கருப்பை. 1944 இலையுதிர்காலத்தில், ஹாலந்தின் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க ஜெர்மானியப் படை உணவு வரத்தை முடக்கியது. குளிர்காலம் முழுவதும் நாட்டின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குக் கிடைத்த பங்கீடு ஆயிரம் கலோரிக்குக் கீழே இறங்கியது, உச்சத்தில் அதிலும் பாதிதான். டூலிப் பூவின் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சோறு வந்தது. பஞ்சம் தொடங்கியதும் முடிந்ததும் நாள் கணக்கில் தெரியும். ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் எடையையும் தாய்மார்களின் எடையையும் பிரசவம் பார்த்தவர்கள் அந்த இருட்டிலும் எழுதிவைத்திருந்தார்கள்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு இரண்டு வெவ்வேறு ஆய்வுகள் நடந்தன. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1990களில் ஒரு குழு கண்டது. 1998இல் அனிதா ரவெல்லியும் சக ஆய்வாளர்களும், பஞ்ச காலத்தில் கருவில் இருந்தவர்கள் ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளத் திணறுவதைக் காட்டினார்கள். பாதிப்பு விழுந்த மாதங்கள் ஒன்றல்ல. மனத்துக்குக் கருவின் தொடக்கம், சர்க்கரைக்கு நடுவும் கடைசியும். பட்டினி ஒன்றுதான். 2008இல் இன்னொரு குழு, பஞ்சத்தில் கருவானவர்களின் ஒரு மரபணுவில், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிக்கான மரபணு அது, அறுபது ஆண்டு கழித்தும் ஒரு வேதிக்குறி அவர்களுடைய உடன்பிறந்தவர்களிடமிருந்து மாறுபட்டிருப்பதைக் கண்டது. எழுத்து மாறவில்லை, எழுத்தின்மேல் வைத்த புள்ளி மாறியிருந்தது என்று நான் வகுப்பில் சொல்வேன். புள்ளி மாறினால் என்னவாகும் என்று தமிழ் மாணவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சீனாவில் 1959 முதல் 1961 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் மனச்சிதைவு இரு மடங்காகத் தெரிந்ததாக 2005இல் ஒரு கட்டுரை வந்தது.

இதையும் தாயின்மேல் திருப்பிவிட முடியும். திருப்புகிறார்கள். கர்ப்ப காலத்தில் நீ என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வி இப்போதே விசாரணைத் தொனியில்தான் வருகிறது. ஆனால் ஹாலந்துப் பெண்கள் சாப்பிட மறுக்கவில்லை. உணவு வரத்தை நிறுத்தியது ராணுவம்.

சித்தி 1960இல் பிறந்தவள். ஆச்சியின் வயிற்றுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நேர்க்கோடு போட நான் துணிய மாட்டேன். ஒரு வீட்டை வைத்து ஒரு நோயை விளக்க முடியாது. இருந்தாலும் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன், சித்தி வயிற்றில் இருந்தபோது ஆச்சி என்ன சாப்பிட்டாள் என்று. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது.

“அந்த வருசம் மழை பேயல. கம்மங்கூழுதான். எங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டு, தாத்தாவுக்கு மூடி வச்சுட்டு, கடேசியா ஆச்சி உக்காருவா.”

“அவ எவ்வளவு குடிப்பா?”

அம்மா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டியில என்ன மிச்சம் இருந்துச்சுன்னு நாங்க யாரும் எட்டிப் பாக்கலியேம்மா.”